வாசிப்பு வட்டத்தின் 2025 ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்குழுவில் கணிதம், கணினியியல் சார்ந்த மூன்று சிக்கல்களைப் படிப்பதாகத் தீர்மானம் போட்டோம். ஒன்றைத்தான் உருப்படியாகப் படித்தோம். பொறுப்பு செயலாளரான என்னுடையது, ஆனால் வருத்தமில்லை.

அந்த ஒன்று, நேரத்துக்கும் நினைவகத்துக்கும் உள்ள உறவு. பல நாடா டியூரிங் இயந்திரம் (நாடாக்களில் எழுதியும் படித்தும் கணக்குப் போடும் கற்பனைக் கணினி) பத்து லட்சம் படிகள் ஓடிச் செய்யும் வேலைக்கு எவ்வளவு நினைவகம் வேண்டும்? படிகளின் எண்ணிக்கையை அதன் மடக்கையால் வகுத்த அளவு போதும் என்று ஹாப்கிராஃப்ட், பால், வேலியண்ட் மூவரும் 1975இல் காட்டினார்கள். ஐம்பது ஆண்டுகள் கணக்கு அங்கேயே நின்றது. 2025 பிப்ரவரியில் ரயன் வில்லியம்ஸ், ஏறக்குறைய வர்க்கமூலமே போதும் என்று நிறுவினார். மடக்கைக் காரணியை ஒதுக்கிவிட்டால், பத்து லட்சத்துக்கு ஓராயிரம்!

அவருக்குக் கைகொடுத்தது ஜேம்ஸ் குக், இயன் மெர்ட்ஸ் இருவரின் மர மதிப்பீட்டு முறை, அதாவது மரம்போல் கிளைத்த ஒரு கணக்கில் இலைகளின் மதிப்புகளிலிருந்து வேரின் மதிப்பைக் காணும் முறை. ஏற்கெனவே நிரம்பிக் கிடக்கும் நினைவகத்திலேயே கணக்கைப் போட்டு, முடிந்ததும் இருந்ததை இருந்தபடியே விட்டுவிடுவது அதன் சூட்சுமம். இந்த ஒரு வரி பிடிபடவே நான்கு கூட்டங்கள் ஆயின. இன்னொரு சுவை: இந்த மரச் சிக்கல் நிறைய நினைவகம் கேட்கும் என்று எதிர்பார்த்து அதை முன்வைத்தவர்களில் ஒருவர் ஜேம்ஸின் அப்பா ஸ்டீபன் குக். விடையை விரைவாகச் சரிபார்க்க முடிந்தால் விரைவாகக் கண்டுபிடிக்கவும் முடியுமா என்ற பி-என்பி கேள்வியை 1971இல் எழுப்பிய அதே குக்தான்.

சரி, இதனால் நம் கணினி நாளையே இளைத்துவிடுமா என்று ஓர் உறுப்பினர் கேட்டார். இல்லை. நினைவகம் குறையக் குறைய நேரம் எக்கச்சக்கமாக ஏறும். பியும் (விரைவாகத் தீர்க்கக்கூடிய சிக்கல்கள்) பிஸ்பேஸும் (எவ்வளவு நேரம் ஆனாலும் மிதமான நினைவகத்தில் தீர்க்கக்கூடியவை) வேறு வேறு என்று காட்டவும் இது போதாது. வர்க்கமூலத்திலிருந்து இன்னும் கீழே, படிகளின் எண்ணிக்கையின் எவ்வளவு சிறிய அடுக்குக்கும் (வர்க்கமூலம் என்பது அரை அடுக்கு) இறங்க முடிய வேண்டும்.

இரண்டாவதான அணிப் பெருக்கலுக்கு, அதாவது எண்களின் சதுர அட்டவணைகளைப் பெருக்குவதற்கு, ஒரே கூட்டம். இரண்டுக்கு இரண்டு அணிகளுக்கு வேண்டிய எட்டுப் பெருக்கல்களை ஏழாக்கி 1969இல் ஸ்ட்ராசன் 3இலிருந்து 2.81க்கு இறக்கிய அடுக்கு (அணியின் பக்க அளவின் எத்தனையாவது அடுக்கில் வேலை வளர்கிறது என்பது), இன்று 2.372க்குச் சற்றுக் கீழே இருக்கிறது. அது 2க்கு இறங்குமா என்பது யாருக்கும் தெரியாது. அண்மைய முறைகள் நடைமுறைக்கு உதவாதவை என்று பயன்பாட்டுக் கணிதக்காரர்கள் முணுமுணுத்தார்கள். அவர்கள் சொல்வது நியாயம்தான்.

செலவு நகலெடுத்தது மட்டுமே. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

மூன்றாவதான நேவியர்-ஸ்டோக்ஸை, அதாவது பாய்மங்களின் ஓட்டத்தைச் சொல்லும் சமன்பாடுகளை, நாம் தொடவே இல்லை. பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகள் தெரிந்த ஒருவர் முதல் இரண்டு கூட்டங்களை நடத்த முன்வந்தால் அடுத்த ஆண்டை அதிலிருந்தே தொடங்கலாம். பெயரை இன்றே என்னிடம் கொடுத்துவிடுங்கள்.

செயலாளர்