படிப்பு நிற்காமல் நடந்த வேலை: பள்ளிக் கட்டடக் குழுவின் நிறைவு அறிக்கை

உறுப்பினர்களுக்கும் பெற்றோர்களுக்கும் வணக்கம்.

நியூ ஜெர்சியில் உள்ள நம் யூதப் பகல்நேரப் பள்ளியின் கட்டட வேலை முடிந்து, கணக்கும் தணிக்கையாகிவிட்டது. கூரை ஒழுகல் நின்றது. கழிப்பறைகள் புதிதாயின. பாலையும் இறைச்சியையும் கலக்கக் கூடாது என்ற யூத உணவு விதிப்படி, சமையலறையில் இரண்டுக்கும் தனித்தனித் தொட்டிகள் வந்தன. இவற்றைப் பற்றி யாரும் கேட்கவில்லை. மதிப்பீட்டுக்கு மேல் ஏன் செலவானது என்றுதான் எல்லோரும் கேட்கிறீர்கள்.

ஒரு பருவம் முழுக்கக் கட்டடத்தைக் காலி செய்து கொடுத்தால் விலையைக் குறைப்பதாக ஒப்பந்ததாரர் சொன்னார். குழு ஒரே குரலில் மறுத்தது. எருசலேம் ஆலயத்தைக் கட்டுவதற்காகக்கூடப் பள்ளிப் பிள்ளைகளின் படிப்பை நிறுத்தக் கூடாது என்கிறது யூதச் சட்ட விவாதங்களின் தொகுப்பான தால்முத். ஆலயத்துக்கே தராத சலுகையை எங்கள் புதிய படிப்பு மண்டபத்துக்கு எப்படித் தருவது? இன்னொன்று கட்டி முடிக்கும்வரை இருக்கும் ஜெப ஆலயத்தை இடிக்காதே என்றும் அதே தால்முத்தில் இருக்கிறது. நூலகத்துக்கும் அந்த முறையையே கைக்கொண்டோம்: புது அலமாரிகளில் புத்தகங்கள் ஏறிய பிறகே பழைய அறையில் சுத்தியல் விழுந்தது. அதனால் வேலை மூன்று கட்டமாகப் பிரிந்தது. சாரம் மும்முறை ஏறி இறங்கியது. கூடுதல் செலவில் பெரும்பகுதி இதுதான். அதே நிலை நாளை வந்தாலும் குழு இதையே செய்யும்.

தகராறு வந்தது பண்டிகைக் கணக்கில். 2024 அக்டோபரில் ஒரு மாதமே வீணாயிற்று என்று ஒப்பந்ததாரர் தனி பில் வைத்தார். நாட்காட்டியை எடுத்துப் பாருங்கள். யூதப் புத்தாண்டான ரோஷ் ஹஷானா 3, 4 தேதிகள். பாவநிவிர்த்தி நோன்பு நாளான யோம் கிப்பூர் 12, அது சனிக்கிழமை, எப்படியும் வேலை இல்லாத ஓய்வுநாள். கூடாரப் பண்டிகையான சுக்கோத் 17இல் தொடங்கி, அதைத் தொடர்ந்து வரும் சிம்ஹத் தோரா பண்டிகை 25இல் முடிந்தது. சுக்கோத்தின் இடைநாட்களிலும் கட்டட வேலை கூடாது என்பதையும் சேர்த்தால்கூட இழந்த வேலை நாட்கள் ஒன்பதுதான். அந்த நாட்காட்டி ஒப்பந்தத்தோடு இணைக்கப்பட்டு, அவர் கையெழுத்தும் வாங்கப்பட்டது. ஓய்வுநாள் வெள்ளி மாலையே தொடங்குவதால், வெள்ளிக்கிழமை சூரியன் மறையும் முன் ஆட்கள் வெளியேற வேண்டும் என்பதும் அதில் இருந்தது. கடிதங்கள் போயின, வந்தன. கடைசியில் பில்லைத் திரும்பப் பெற்றார். அவருடைய கொத்தர்களின் கைவேலையில் ஒரு குறையும் இல்லை. அதையும் சொல்லியாக வேண்டும்.

பெரிய வகுப்பறையின் நடுவே சுவர் எதற்கு என்று சிலர் வருத்தப்பட்டார்கள். ஓர் ஆசிரியருக்கு 25 பிள்ளைகள், 40 வரை போனால் ஓர் உதவியாளர், அதற்கும் மேல் இரண்டு ஆசிரியர்கள் என்பது இடைக்கால யூத சட்ட அறிஞர் மைமோனிடிஸ் வகுத்த சட்டம். ஆசிரியரைக் கூட்டிவிட்டு அறையைக் கூட்டாமல் இருக்க முடியாது.

புதிய படிப்பு மண்டபமான பெய்த் மித்ராஷில் இரைச்சல் என்ற புகாரும் வந்தது. அங்கே பிள்ளைகள் இருவர் இருவராக உட்கார்ந்து, ஒரே பக்கத்தை வாய்விட்டுப் படித்து, ஒருவரையொருவர் மடக்குகிறார்கள். ஹெவ்ரூத்தா என்ற இந்த ஜோடிப் படிப்பு என்றால் சத்தம் இருக்கும். அந்தச் சத்தத்துக்காகத்தான் மண்டபமே கட்டினோம். பக்கத்து வகுப்புக்குக் கேட்காமல் இருக்க ஒலித்தடுப்புப் பலகைகள் அடித்தாகிவிட்டது. கணினித் திரை வந்ததால் புத்தகம் போய்விடும் என்ற பயமும் வேண்டாம். யூத நூல்களின் இணைய நூலகமான செஃபாரியாவில் ஒரு வசனத்தைத் தொட்டால் அதன் உரைகள் பக்கத்திலேயே விரிகின்றன. ஆனால் நடுவில் மூலமும் ஒருபுறம் ராஷியின் உரையும் மறுபுறம் தோசஃபோத் என்ற பிற்கால உரைகளுமாக அச்சான தால்முத்தின் வில்னா பதிப்புப் பக்கத்தில்தான் ஒவ்வொரு பாடமும் தொடங்குகிறது. சனி இரவு, ஓய்வுநாள் முடிந்ததும், அப்பா அம்மாக்கள் பிள்ளைகளோடு அதே மேசைகளில் உட்கார்ந்து படிக்கிறார்கள். முன்பு பிள்ளையை வாசலில் இறக்கிவிட்டுப் போனவர்கள் இவர்கள். குழுவுக்கு மிகப் பெரிய சந்தோஷம் இதுதான்.

கிழிந்த ஜெபப் புத்தகங்கள், பழைய புனித நூல்களைப் போட்டுவைக்கும் கெனீசாவில் சேர்க்கப்பட்டு, கல்லறைத் தோட்டத்தில் முறைப்படி புதைக்கப்பட்டன.

மேசைகள் பழைய மாணவர்களுடையவை. அலமாரிகள் தாத்தா பாட்டிமார் தந்தவை. திரைகள் ஏழாம் வகுப்புப் பெற்றோர் உபயம். வாசல் நிலையில் பதிக்கும் வேதச் சுருள்களான மெசூசாக்கள் அனைத்தும், தன் தாயின் நினைவாக, ஒரு முன்னாள் ஆசிரியை கொடுத்தது. ஒலித்தடுப்புப் பலகைகளுக்குப் பணம் தந்தவர் யார் என்று எங்களுக்கே தெரியாது. கொடுப்பவரும் பெறுபவரும் ஒருவரையொருவர் அறியாத தர்மத்தை எட்டுப் படிகளில் மேலிருந்து இரண்டாவதாக வைத்தார் மைமோனிடிஸ். அந்த இடத்தில் பெயர்ப்பலகை வைக்கவில்லை.

ஒப்பந்ததாரருக்குத் தரவேண்டிய பிடித்தத் தொகை இன்னும் வங்கியில் இருக்கிறது. குளிர்காலம் முடிந்து கூரையைப் பார்த்த பிறகு, பொதுக்குழுவின் ஒப்புதலோடு விடுவிக்கப்படும். வவுச்சர்கள் அலுவலகத்தில் உள்ளன. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.