ஏரிக்கரை அடுப்பு

ஓக்லஹோமா சிட்டி,
மார்ச் 9

அன்புள்ள ஜெயா,

கடிதம் கிடைத்தது. மருமகள் முழுகாமல் இருக்கிறாள் என்று படித்ததும் முட்டிவலிகூட மறந்துபோச்சு, போ.

"உங்க கோயில் பங்குல பிரிக்கிற காசெல்லாம் எந்த ஊருக்குத்தான் போகுது?" என்று கேட்டிருந்தாய். போன மாதம் அந்த ஊரையே பார்த்துவிட்டு வந்தேன். குவாத்தமாலாவில், அதித்லான் ஏரிக்கரையில், எரிமலைகளுக்கு நடுவே இருக்கிறது சாந்தியாகோ அதித்லான். மாயா இனத்தில் த்சுதுஹில் பழங்குடி மக்கள். 1964-லேயே எங்கள் மறைமாவட்டம் அங்கே ஆள் அனுப்பத் தொடங்கிவிட்டது.

1968-ல் போன ஸ்டான்லி ரோதர் சாமியார் இந்தப் பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பிள்ளை. சாமியாருக்குப் படிக்கப் போன ஒரு குருமடத்தில், லத்தீன் வரவில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டவர். அங்கே போய் த்சுதுஹில் பேசக் கற்றுக்கொண்டார், புதிய ஏற்பாட்டை அந்த மொழியில் கொண்டுவரவும் உழைத்தார். ஸ்டான்லி என்ற பெயர் அவர்கள் வாயில் நுழையவில்லை. நடுப்பெயர் பிரான்சிஸ்; அது 'அப்ளாஸ்' ஆகிவிட்டது, நமக்கு சேவியர் சவேரியார் ஆன மாதிரி! கொலைப்பட்டியலில் பெயர் வந்து இங்கே திரும்பியவர், ஈஸ்டருக்கு மறுபடியும் அங்கேயே போய்விட்டார். 1981 ஜூலை 28 அன்று கோயிலை ஒட்டிய சாமியார் வீட்டிலேயே அவரைச் சுட்டுக் கொன்றார்கள். உடலை இங்கே அனுப்பிய சனங்கள் இதயத்தை மட்டும் தங்கள் கோயிலில் வைத்துக்கொண்டார்கள். 2017-ல் அருளாளர் பட்டம் கொடுத்தார்கள், புனிதர் பட்டத்துக்கு முந்தின படி அது.

இப்போது எங்கள் கதை. அந்த ஊரில் மூன்று கல் அடுப்பு, வீடெல்லாம் புகை, கூரை முழுக்கக் கரி. அதனால் போன வருஷம் புகைபோக்கி வைத்த அடுப்புகளுக்குப் பணம் அனுப்பினோம். ஒரு வீட்டுக்குள் நுழைகிறேன், நம் அடுப்பின் மேல் மடித்த துணி அடுக்கியிருக்கிறது. முற்றத்தில் அதே மூன்று கல், அதே புகை. சுண்ணாம்பு போட்டு வேகவைத்து அரைத்த சோள மாவை அந்த அம்மா கையாலேயே தட்டித் தட்டிக் கல்லில் போடுகிறாள். ஏன் என்று கேட்டால் சிரிக்கிறாள். அவள் பேச்சு ஸ்பானிஷுக்கு மாறி, அதிலிருந்து ஆங்கிலத்துக்கு மாறி என்னிடம் வந்து சேர்ந்தது: "உங்க அடுப்புத் தகட்டுல நாலு ரொட்டிதான் போட முடியுது. வீட்டுல பதினோரு பேர்."

சின்னத் தகடு போட்டால் செலவு குறையும் என்று பங்குப் பேரவையில் முதலில் கை தூக்கியது நான்தான், ஜெயா. ஆயுசு முழுக்க தோசை சுட்டவள்! எத்தனை பேருக்குச் சுடுவீங்க என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. அப்ளாஸ் சாமியாராக இருந்தால் அந்த அடுப்படியில் உட்கார்ந்து நாலு நாள் சாப்பிட்டிருப்பார். அப்புறம்தான் அளவெடுத்திருப்பார்.

இந்தத் தவக்காலத்தில் ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருந்து மிச்சம் பிடிக்கிற காசு பெரிய தகட்டுக்கு. அளவை அந்த அம்மாவே ஒரு நூலில் முடிச்சுப் போட்டுக் கொடுத்தாள். பத்திரமாகப் பைபிளுக்குள் வைத்திருக்கிறேன்.

வளைகாப்புத் தேதி எழுது.

உன்
ரீட்டா