மாத வாடகையைப் பார்த்து வீட்டுத் தொலைபேசி எடுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலை நகரிலும் உப்புவெளி, நிலாவெளிப் பக்கங்களிலும் செம்புக் கம்பித் தொலைபேசி இணைப்பை விட்டு பைபருக்கோ (ஒளியிழை இணைப்பு) 4ஜி ரௌட்டருக்கோ மாறும் வீடுகள் கூடி வருகின்றன. நிறுவனங்கள் தரும் துண்டுப்பிரசுரத்தில் மாத வாடகைதான் பெரிய எழுத்தில் இருக்கும். ஆனால் மாத முடிவில் கையை விட்டுப் போகும் காசைத் தீர்மானிப்பவை சின்ன எழுத்தில் இருக்கும் வேறு மூன்று நான்கு விடயங்கள். இணைப்பு எடுக்க முன் அவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுமாறு வாசகர்களை வேண்டிக்கொள்கிறேன்.

முதலாவது, கோல் நேரத்தைச் செக்கனில் கணக்கெடுக்கிறார்களா, நிமிடத்திலா என்பது. வீட்டுத் தொலைபேசியில் குறுங் கோல்களே அதிகம். “பஸ் ஏறிட்டியா”, “மருந்து எடுத்தாச்சா” என்று கேட்டு வைக்க 20 செக்கன் போதும். அப்படி மாதம் 100 கோல் எடுக்கும் வீட்டை வைத்துக் கணக்குப் பாருங்கள். நிமிடக் கணக்கில் அது 100 நிமிடம். செக்கன் கணக்கில் 2,000 செக்கன், அதாவது 33 நிமிடம் 20 செக்கன்தான். நிமிடத்துக்கு 2 ரூபா என்று சொல்லும் நிமிடக் கணக்குப் பொதியில் 200 ரூபா வரும். நிமிடத்துக்கு 3 ரூபா என்று சொல்லும் செக்கன் கணக்குப் பொதியில் 100 ரூபாதான் வரும். (இந்த 2, 3 ரூபா கணக்குக் காட்டுவதற்கு மட்டுமே.) அரை மணித்தியாலம் இருந்து கதைக்கும் வீட்டில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. அங்கே நிமிடக் கட்டணத்தைப் பார்த்தால் போதும்.

இரண்டாவது, கோல் எந்த வலையமைப்புக்குப் போகிறது என்பது. 026 என்றாலே உள்ளூர், ஆகவே மலிவு என்று பலர் நினைக்கிறார்கள். 026க்கு அடுத்து வரும் இலக்கத்தைப் பாருங்கள். 2 என்றால் ஸ்ரீலங்கா டெலிகொம், 5 என்றால் லங்கா பெல், 7 என்றால் டயலொக். அடுத்த வீட்டுக்கு எடுத்தாலும் அது வேறு நிறுவனத்து எண்ணாக இருந்தால் வெளி வலையமைப்புக் கட்டணம்தான் விழும். கைத்தொலைபேசிகளில் 070, 071 மொபிடெல். 072, 078 ஹட்ச். 074, 076, 077 டயலொக். 075 எயார்டெல் எண். எயார்டெல் 2024இல் டயலொக்குடன் இணைந்துவிட்டதால், நீங்கள் எடுக்கும் பொதியில் 075ஐ எந்தப் பக்கம் சேர்த்திருக்கிறார்கள் என்று தனியாகவே கேளுங்கள். ‘இலவச நிமிடங்கள்’ என்று வருபவை பெரும்பாலும் தன் வலையமைப்புக்குள் மட்டும் செல்லுபடியாகும், மிஞ்சினால் மாத முடிவில் போய்விடும். மொபிடெல் டெலிகொம்மின் துணை நிறுவனம் என்பதற்காக அந்த நிமிடங்கள் மொபிடெல் எண்ணுக்கும் பொருந்தும் என்று எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

இதற்கு நல்ல வழி, இப்போதுள்ள இணைப்பின் கடைசி மூன்று மாத விரிவான அழைப்பு விவரத்தை வாங்குவதுதான். ஒவ்வொரு நிறுவனத்துக்கும், அதன் வலையமைப்புக்குள் போகும் கோல்கள் எத்தனை நிமிடம், வெளி வலையமைப்புக் கோல்கள் எத்தனை நிமிடம் என்று, அது கணக்கெடுக்கும் முறையிலேயே (செக்கனிலோ நிமிடத்திலோ) பேனையால் குறித்துக் கூட்டுங்கள். அந்த இரண்டு தொகையையும் அந்த நிறுவனத்தின் அந்தந்தக் கட்டணத்தால் பெருக்கி மூன்று மாத வாடகையைக் கூட்டினால் உங்கள் வீட்டுக்கு எது மலிவு என்று தெரிந்துவிடும். அடுத்த வீட்டுக்கு மலிவானது உங்களுக்கும் மலிவாக இருக்கும் என்றில்லை.

விளம்பரத் தொகை பல தடவை வரி சேராத தொகை. 2024 ஜனவரி முதல் வற் வரி 18 சதவீதம். அதற்கு முன்பே, 2022 ஒக்டோபரில், 2.5 சதவீத சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு வரி வந்துவிட்டது. இந்த இரண்டு மட்டுமே 1,000 ரூபாவை 1,200க்கு மேலே கொண்டுபோய்விடும். தொலைத்தொடர்பு வரி அதற்கும் மேலே. ஆகவே “எல்லா வரியும் சேர்த்து எவ்வளவு?” என்று கேட்டு அந்தத் தொகையையே ஒப்பிடுங்கள்.

முதல் பில்லைக் கண்டு பயந்து சண்டைக்குப் போகிறவர்களும் உண்டு. இணைப்பு வந்த நாளிலிருந்து மாத முடிவு வரைக்கான பகுதி வாடகையும் அடுத்த மாத வாடகையும் ஒன்றாக விழுவதால் அது கூடுதலாகத் தெரியும். இன்னொரு குழப்பம், பில் அச்சான பிறகு கட்டிய காசு அதில் ‘முந்தைய நிலுவை’ என்றே நிற்கும். அதைப் பார்த்து இரண்டாம் முறை கட்ட வேண்டாம், பற்றுச்சீட்டின் திகதியையும் பில் திகதியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கேட்காத ரிங்டோன் போன்ற மேலதிகச் சேவைகளுக்குத் தனியாகக் கட்டணம் விழுந்திருக்கிறதா என்றும் ஒவ்வொரு மாதமும் பார்க்க வேண்டும். சின்னத் தொகை என்பதால் வருடக்கணக்கில் கண்ணில் படாமல் போவது அதுதான்.

இனித் தொல்லைக் கோல்கள். இதில் கடைக்காரர்கள் சொல்வதும் நடப்பதும் வேறுவேறாக இருக்கிறது. ‘கோல் தடுக்கும் வசதியுள்ள செட்’ என்று வாங்கிக்கொண்டு போகிறார்கள். அழைப்பவர் எண்ணைக் காட்டும் சேவை உங்கள் இணைப்பில் இயங்காவிட்டால் அந்த செட் எதையும் தடுக்காது, எந்த எண்ணைத் தடுப்பது என்று அதற்குத் தெரிய வழியில்லை. சேவை இருந்தும் திரையில் எண் விழவில்லை என்றால், எண் அனுப்பப்படும் முறையும் செட் எதிர்பார்க்கும் முறையும் பொருந்தாமல் இருக்கலாம். எஃப்எஸ்கே, டீடீஎம்எஃப் என்ற இரண்டு முறைகள் உண்டு. செட்டின் மெனுவிலோ ரௌட்டரிலோ மற்றதற்கு மாற்றச் சொல்லுங்கள். எஃப்எஸ்கே முறையில் எண் பெரும்பாலும் முதல் மணிக்கும் இரண்டாம் மணிக்கும் இடையில்தான் வந்து சேரும். அதனால் தடுத்த எண்ணும் ஒரு தரம் மணி அடித்துவிட்டே அடங்கும், அது செட்டின் பழுது இல்லை. சில செட்டுகளில் 50 எண்தான் பதியலாம், சிலவற்றில் 150க்கு மேல் பதியலாம். 00 (வெளிநாட்டு எண்களின் தொடக்கம்) போன்ற தொடக்க இலக்கங்களைக் கொண்டே ஒரு தொகுதி எண்களைத் தடுக்கும் செட் கிடைத்தால் அதையே வாங்குங்கள். தொல்லை கொடுப்பவர் ஒவ்வொரு முறையும் எண்ணை மாற்றினால் ஒவ்வொன்றாகத் தடுத்து முடியாது.

எண் காட்டாத கோல்களை மொத்தமாகத் தடுக்கச் சொல்லி யாராவது புத்தி சொன்னால் யோசித்துச் செய்யுங்கள். கனடாவிலும் லண்டனிலும் பிள்ளைகள் இருக்கும் வீடுகள் இங்கே எத்தனை! கோலிங் கார்ட்டில் எடுத்தால் அவர்களின் எண் மறைந்தோ சம்பந்தமில்லாத எண்ணாகவோ வரலாம். தடுத்துவிட்டால் அவர்கள் எடுத்ததே உங்களுக்குத் தெரியாது.

வெளிநாட்டு எண்ணிலிருந்து ஒரு தரம் மணி அடித்து நின்றால் திருப்பி எடுக்கவே வேண்டாம். கட்டணம் மிக உயர்ந்த எண்ணுக்கு உங்களைக் கொண்டு எடுக்க வைத்து, அந்தக் கட்டணத்தில் பங்கு வாங்குவதே இந்த மோசடி. வெளிநாட்டுக் கோல்களை வட்ஸ்அப்பில் எடுக்கும் வீடுகள், வீட்டுத் தொலைபேசியிலிருந்து வெளிநாடு எடுக்கும் வசதியை எழுத்து மூலம் நிறுத்திவிடலாம். அப்படி நிறுத்தினாலும் வெளிநாட்டிலிருந்து உள்ளே வரும் கோல்கள் வழக்கம்போல வரும்.

மின்சாரத்தைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. செம்புக் கம்பியில் சாதாரண செட்டுக்கு வேண்டிய மின்சாரம் தொலைபேசி நிலையத்து பற்றரியிலிருந்து, 48 வோல்ட்டில், கம்பி வழியே வருகிறது. பைபரிலும் 4ஜியிலும் அது கிடையாது. மின்வெட்டு வந்த கையோடு தொலைபேசியும் நின்றுவிடும். மாரிகாலத்தில் மூதூர், ஈச்சிலம்பற்று, குச்சவெளி போன்ற இடங்களில் இது உயிர்ப் பிரச்சினை: 1990 அம்புலன்சுக்கும் 119 பொலிசுக்கும் எடுக்க முடியாமல் போகும். ரௌட்டரின் அடப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டும் அம்பியரும் பார்த்து (பலவற்றில் 12 வோல்ட்) அதற்கேற்ற சிறிய யூபிஎஸ் (மின்வெட்டில் பற்றரியிலிருந்து மின்சாரம் தரும் பெட்டி) ஒன்று வாங்கி வையுங்கள். பைபர் பெட்டியும் ரௌட்டரும் தனித்தனியாக இருந்தால் இரண்டுக்கும் வேண்டும். அறைகளுக்கு ஓடும் பழைய வயரைப் புதிய பெட்டியில் கொழுவும்போது வெளியிலிருந்து வரும் பழைய செம்புக் கம்பியை முதலில் கழற்றச் சொல்லுங்கள், அதில் வரும் மின்சாரம் புதிய பெட்டியைப் பழுதாக்கலாம்.

மாறினால் பழைய எண்ணையே வைத்திருக்கலாமா, ஒப்பந்த காலத்துக்குள் விட்டால் தண்டப்பணம் எவ்வளவு என்பவற்றுக்கு வாய்ப் பதில் போதாது, எழுத்தில் வாங்குங்கள். பில்லில் தகராறு வந்தால் முதலில் நிறுவனத்திடம் முறையிட்டு முறைப்பாட்டு இலக்கத்தைக் குறித்து வையுங்கள். அங்கே தீராவிட்டால் அந்த இலக்கத்தோடு தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடம் போகலாம், 1900க்கு எடுக்கலாம்.

ஆணைக்குழுவிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. கட்டணங்களை அங்கீகரிப்பது ஆணைக்குழுதான். வாடகை, கணக்கெடுக்கும் அலகு, வெளி வலையமைப்புக் கட்டணம், வரியோடு சேர்ந்த மொத்தம், அழைப்புத் தடுக்கும் வசதிக்கான கட்டணம் ஆகிய ஐந்தையும் எல்லா நிறுவனங்களுக்கும் ஒரே தாளில், தமிழிலும், போட்டு எமது பிரதேச செயலகங்களின் அறிவித்தல் பலகைகளில் ஒட்டச் செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
உவர்மலை, திருகோணமலை