ராத்திரி மட்டும் இருமிய வண்டி

டீச்சருக்கும், பால்கார அத்தைக்கும், கோவை கணபதிப் பகுதி லேத் அண்ணனுக்கும், ஜீப் ஒயரிங் சேட்டனுக்கும், ஷார்ஜா மச்சானுக்கும், ஆழியாறு மலைப்பாதையில் மழையில் வண்டியை நிறுத்திய குட்டியானை மினி லாரித் தம்பிக்கும் வணக்கம். என் பழைய டுகாட்டி பைக் மறுபடி ஓட நீங்கள் செய்த உதவிக்கு நன்றி சொல்லத்தான் இந்த மடல்.

பெயர் போட வேண்டாம் என்று உங்களில் மூன்று பேர் சொல்லிவிட்டீர்கள். அதனால் யார் பெயரும் இதில் இல்லை. பாலக்காடு மாவட்டத்து எங்கள் கொழிஞ்சாம்பாறையில் இருப்பவர்களுக்கு ஆளைக் கண்டுபிடிக்க ஒரு டீ குடிக்கும் நேரம்கூட ஆகாது, அது வேறு விஷயம்.

வண்டி 1995 மாடல் டுகாட்டி 900 எஸ்.எஸ். 904 சிசி. ஒரு சிலிண்டர் முன்னால் படுத்திருக்கும், இன்னொன்று நிமிர்ந்து நிற்கும், இரண்டுக்கும் நடுவே 90 டிகிரி. காற்றும் எண்ணெயும்தான் குளிர வைக்கும், தண்ணீர் கிடையாது. டீக்கடையில் நிறுத்தினால் முதல் கேள்வி மைலேஜ், இரண்டாவது கேள்வி "என்னமோ உள்ள லூசா ஆடுதுங்களே, பாத்தீங்களா?" இல்லைங்க, அது டிரை கிளட்ச். எண்ணெயில் ஊறாத தகடுகள். கிளட்சைப் பிடித்தால் தகர டப்பாவில் கூழாங்கல் குலுக்குகிற சத்தம்தான் வரும், அது அதன் சுபாவம். இதை ஐந்து வருஷமாக விளக்கிச் சோர்ந்துவிட்டேன். இப்போதெல்லாம் "ஆமாங்க, பாக்கணும்" என்று சொல்லிவிட்டு டீயைக் குடிக்கிறேன்.

டீச்சர், உங்களிடமிருந்துதான் தொடங்க வேண்டும். உங்கள் கணவர், சார், 1997ல் வெளிநாட்டிலிருந்து குடும்பத்தோடு திரும்பியபோது வீட்டுச் சாமான்களோடு வந்த வண்டி. கே.எல். 9, பாலக்காட்டுப் பதிவு எண். அவர் காலமான பிறகு பாலக்காட்டுச் சித்தூர் வீட்டுப் பின்கட்டில், தேங்காய் மட்டைக்குப் பக்கத்தில், தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. என்னைவிட அதிக விலை சொன்ன இரண்டு பேரை நீங்கள் திருப்பி அனுப்பியது எனக்குப் பின்னால்தான் தெரியும். "பார்ட்ஸ் பிரிச்சு விக்கக் கூடாது" என்று ஒரே ஒரு நிபந்தனை வைத்தீர்கள். அத்தோடு அவருடைய நோட்டுப் புத்தகத்தையும் கொடுத்தீர்கள். நான் தமிழ் மீடியத்தில் படித்தவன். மலையாளம் பேசுவேன், கையெழுத்து மலையாளம் படிக்க வராது. இரண்டு சாயங்காலம் நீங்கள் வாசிக்க வாசிக்க நான் தமிழில் எழுதிக்கொண்டேன். எந்தப் போல்ட்டை எந்த முறுக்கில் இறுக்கினார், எந்த மாதம் எண்ணெய் மாற்றினார், எல்லாம் இருந்தது. கடைசிப் பக்கத்தில் 2004 ஜூலை, பெல்ட் மாற்றியது. அதற்குக் கீழே இரண்டு கோடு போட்டு: புது பெல்ட் போடாமல் ஸ்டார்ட் செய்யக் கூடாது.

அந்த ஒரு வரி இல்லையென்றால் வாங்கிய அன்றைக்கே பேட்டரி மாட்டி ஸ்டார்ட்டரை அமுக்கியிருப்பேன். அன்றே எஞ்சின் போயிருக்கும். இதில் வால்வுகளை ஆட்டும் கேம்ஷாஃப்ட்டைச் சுற்றுவது செயின் அல்ல, சிலிண்டருக்கு ஒன்றாக இரண்டு ரப்பர் பல் பெல்ட். 20,000 கிலோமீட்டர் அல்லது இரண்டு வருஷம், எது முந்துகிறதோ அப்போது மாற்ற வேண்டும். ஓடாமல் கிடந்தாலும் ரப்பருக்கு வயசாகும். ஓட்டத்தில் அறுந்தால் பிஸ்டன் மேலே வந்து திறந்து நிற்கும் வால்வை இடிக்கும். கழற்றிப் பார்த்தபோது உங்கள் வீட்டுப் பெல்ட்டில் பல்லோரம் முழுக்க மயிரிழை விரிசல்.

புது பெல்ட் கொண்டுவந்தது மச்சான். அதை மடிக்கவும் கூடாது, முறுக்கவும் கூடாது. உள்ளே இருக்கும் நார் உடைந்துவிடும் என்று போனில் ஒரு தடவைதான் சொன்னேன். ஷார்ஜாவிலிருந்து வந்த மனுஷன், வட்டமான பிஸ்கட் டின்னுக்குள் பெல்ட் இரண்டையும் வளையமாக வைத்து, நடுவில் பேரீச்சம்பழம் நிரப்பி, அதை மடியில் வைத்தபடியே வந்து சேர்ந்தார். டின் இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது மச்சான். அக்கா கேட்டால் அப்படியே சொல்லுங்கள்.

பெல்ட்டின் இறுக்கம் பார்ப்பது ஒரு தனிக் கதை. பழைய ஆட்கள் உருளைக்கும் பெல்ட்டுக்கும் நடுவே 5 மில்லிமீட்டர் ஆலன் கீ நுழைய வேண்டும், 6 நுழையக் கூடாது என்பார்கள். என் மகள் போனில் ஒரு ஆப் போட்டு, பெல்ட்டை விரலால் சுண்டி, அதிர்வெண்ணைப் பார்த்தாள். இந்த எஞ்சினுக்குப் பலரும் சொல்வது 110 ஹெர்ட்ஸ். "தம்பூரா சுருதி சேக்கற மாதிரி இருக்குதுப்பா" என்றாள். நான் ஆலன் கீயோடு ஒரு பக்கம், அவள் போனோடு ஒரு பக்கம். இரண்டு கணக்கும் ஒத்துப்போனதும் வாயைத் திறக்காமல் மூடியைப் போட்டுவிட்டேன்.

லேத் அண்ணா, உங்களுக்கு நான் நன்றி சொல்வது நீங்கள் செய்து கொடுத்ததற்கு மட்டும் அல்ல. செய்ய மாட்டேன் என்று சொன்னதற்குத்தான் அதிகம். கேம் உருளை நட்டைக் கழற்றும் நான்கு பல் சாவியைப் பழைய சாக்கெட்டிலிருந்து கடைந்து கொடுத்தீர்கள். தேய்ந்த கிளட்ச் தகட்டை இரும்புப் பட்டையில் வெல்டு வைத்து, கிளட்ச் டிரம்மைப் பிடித்துக்கொள்ளும் பிடியும் செய்தீர்கள். செட்டிபாளையம் கரி ரேஸ் டிராக்கில் ஓட்டும் பையன்களுக்கு வேலை செய்து பழகின கை, கேட்பானேன். அந்தத் தைரியத்தில், வால்வு இடைவெளியைச் சரிசெய்யும் சின்ன உலோகத் துண்டான ஷிம்மையும் உங்களிடமே கடைந்து தரச் சொன்னேன்.

இந்த இடத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். மற்ற வண்டிகளில் வால்வை ஒரு கை தள்ளித் திறக்கும், ஸ்பிரிங் இழுத்து மூடும். ஸ்பிரிங் வைத்த கதவு தானாகச் சாத்திக்கொள்வதுபோல. டுகாட்டியில் திறக்க ஒரு ராக்கர் கை, மூடவும் ஒரு ராக்கர் கை. டெஸ்மோ என்பார்கள். ஃபாபியோ தாலியோனி என்ற பொறியாளர் 1956ல் 125 சிசி ரேஸ் வண்டியில் வைத்து, சுவீடனில் முதல் ஓட்டத்திலேயே ஜெயித்த ஏற்பாடு. அப்போதைய ஸ்பிரிங்குகள் மிகுந்த வேகத்தில் வால்வைச் சரியான நேரத்தில் மூடத் திணறின. அதற்கு அவர் கண்ட வழி. எனவே ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே உள்ள இடைவெளியையும் இரண்டு பக்கமும் பார்க்க வேண்டும். திறக்கும் பக்கம் ஏறக்குறைய 0.10 மில்லிமீட்டர், மூடும் பக்கம் அதிலும் குறைவு. படுத்திருக்கும் சிலிண்டரில் மூடும் பக்கத்து ஷிம் தேய்ந்து இடைவெளி அகன்றிருந்தது.

நீங்கள் அதை வாங்கி, மைக்ரோமீட்டரில் மூன்று இடத்தில் அளந்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, என் கையிலேயே திருப்பி வைத்தீர்கள். "அளவு நான் கொண்டாந்துருவேன் கண்ணு. ஆனா இது பதம் வெச்ச இரும்பு. எம் பதம் இதுல நிக்குமான்னு எனக்குத் தெரியாது. இது விட்டுப்போச்சுன்னா வால்வு உள்ள விழும். கம்பெனி பீஸே வாங்கு." அளவைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தீர்கள், காசு வாங்கவில்லை. அந்தச் சீட்டை வைத்துத்தான் இங்கிலாந்திலிருந்து ஷிம் வந்தது. தன் கைக்கு எட்டாததைத் தெரியாது என்று சொல்லும் ஆள் கிடைப்பதுதான் பழைய வண்டிக்காரனுக்கு அபூர்வம்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், அடுத்து வந்த தொந்தரவில் எல்லாம் தெரிந்த ஒரு இடத்துக்கு வண்டியைக் கொண்டுபோய் விட்டேன். ஊரையும் கடையையும் சொல்லப்போவதில்லை. வண்டி ஓட ஆரம்பித்த ஒரு வருஷத்தில் இருமல் வந்தது. திடீரென்று இழுவை விடும், சைலன்சரில் பட்டென்று வெடிக்கும், பிறகு சரியாகும். நான்கு மாதம் வைத்திருந்தார்கள். கார்புரேட்டர் இரண்டையும் பிரித்தார்கள், ஜெட் மாற்றினார்கள், பிளக், காயில், பேட்டரி. 38,000 ரூபாய். "இத்தாலி வண்டின்னா இப்படித்தான் சார்" என்பது இனாம். புது பேட்டரியோடு இரண்டு வாரம் ஜம்மென்று ஓடியது. சரியாகிவிட்டது என்று எல்லாருக்கும் பெட்டிப் பெட்டியாக ஜிலேபி வேறு கொடுத்தேன். மூன்றாவது வாரம் மறுபடி இருமல். கார்புரேட்டரை மட்டும் அவர்கள் திறந்தது வீண் என்று சொல்ல மாட்டேன். எத்தனால் கலந்த இப்போதைய பெட்ரோலில் பழைய ரப்பர் வளையங்கள் ஊதிப் போயிருந்தன, எப்படியும் மாற்ற வேண்டியதுதான்.

நோயைக் கண்டுபிடித்தது அத்தை. விடிகாலை நான்கு மணிக்குக் கறவை, ராத்திரி எட்டரைக்கு மாட்டுக்குத் தீவனம். இரண்டு நேரமும் எங்கள் தெரு சத்தம் எல்லாம் அவர் காதில் விழும். ஒரு நாள் சொசைட்டியில் பால் ஊற்றிவிட்டு வரும் வழியில், கேனைக்கூட இறக்காமல் கேட்டார்: "ஏந் தம்பி, பகல்ல போறப்போ உன்ற வண்டி சும்மா கிண்ணுனு போகுது. ராத்திரி வர்றப்போ மட்டும் எதுக்கு இருமுது? பனி ஒத்துக்கலையா?"

நான் சிரித்தேன். அதற்கு இப்போது மன்னிப்பும் கேட்டுக்கொள்கிறேன் அத்தை. நீங்கள் சொன்ன மறுவாரம் வால்பாறை போய் இறங்கும்போது மாலை மூடுபனி, ஹெட்லைட் போட்டுத்தான் வர வேண்டியிருந்தது. முப்பது வளைவு தாண்டுவதற்குள் இருமல், கீழிருந்து எண்ணினால் ஒன்பதாவது வளைவில், லோம்ஸ் வியூ பாயின்ட்டில், விளக்கு மங்கி எஞ்சின் அப்படியே அணைந்தது. கைப்பிடிச் சுவருக்கு அந்தப் பக்கம் வரையாடு ஒன்று நின்று பார்த்தது. மழையும் பிடித்துக்கொண்டது.

குட்டியானைத் தம்பி, நீ வால்பாறையில் காய்கறி இறக்கிவிட்டுக் காலி வண்டியோடு வந்தாய். நிறுத்தினாய். ஈர ரோட்டில், நூற்றெண்பது டிகிரி திரும்பும் வளைவில், இரண்டு பேர் சேர்ந்து இவ்வளவு கனமான வண்டியை ஒற்றைப் பலகையில் ஏற்றியது எப்படி என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை. பலகை முறிகிற சத்தம் கேட்டபோது நீ கையை விடவில்லை; நான்தான் கண்ணை மூடினேன். பொள்ளாச்சி வரை என்றாய், கோபாலபுரம் தாண்டி வீட்டு வாசல் வரை வந்தாய். டீசல் காசு மட்டும் எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்தாய். உன் நம்பர் எழுதிய சீட்டு மழையில் கரைந்துவிட்டது. இந்த மடலை உனக்காகவே பொதுவில் எழுதுகிறேன். யாராவது அந்தத் தம்பியைத் தெரிந்தால் சொல்லுங்கள், கண்ணாடி மேலே "அம்மா அப்பா" என்று பச்சை எழுத்து.

அன்று ராத்திரி படுத்தபடி அத்தை சொன்னதை யோசித்தேன். பகலில் நன்றாக ஓடுகிறது. ராத்திரி இருமுகிறது. ராத்திரிக்கும் பகலுக்கும் வண்டியில் இருக்கும் ஒரே வித்தியாசம் ஹெட்லைட். காலையில் சேட்டனிடம் போனேன்.

சேட்டன் வேலை செய்வது டிராக்டரும் ஜீப்பும் மினி பஸ்ஸும். டுகாட்டியைப் பார்த்து அவர் பயப்படவும் இல்லை, மயங்கவும் இல்லை. மீட்டரை எடுத்தார். எஞ்சினை 4,000 சுற்றுக்கு ஏற்றச் சொன்னார். பேட்டரியில் 14 வோல்ட் பக்கம் காட்ட வேண்டிய இடத்தில் 12.6. ஹெட்லைட்டைப் போட்டதும் 11.9, இறங்கிக்கொண்டே இருந்தது. "இது எஞ்சினல்ல சாரே, கரண்ட்டாணு."

எஞ்சின் சுற்றும்போது கரண்ட் தயாரிக்கும் ஆல்டர்னேட்டரிலிருந்து இரண்டு மஞ்சள் ஒயர் வருகிறது. அதில் வரும் ஏசி கரண்டை ரெகுலேட்டர் டிசி ஆக்கி பேட்டரிக்கு அனுப்ப வேண்டும். ஆல்டர்னேட்டர் பக்கம் அளந்தால் ஏசி தாராளமாக வந்தது. ஒயர்களை ரெகுலேட்டரோடு இணைக்கும் கனெக்டரைத் தாண்டி அளந்தால் பாதி காணோம். சேட்டன் கனெக்டரைப் பிரித்தார்: பிளாஸ்டிக் உருகி, பின் கருகி, வறுத்த காபிக்கொட்டை நிறம். இருபத்தேழு வருஷத்தில் பின்னில் களிம்பு ஏறி, களிம்பால் சூடு, சூட்டால் இன்னும் களிம்பு. பகலில் பிளக்குக்குத் தேவையான கொஞ்சம் கரண்டைப் பேட்டரியும் கனெக்டரைத் தாண்டி வந்த மிச்சக் கரண்டும் சமாளித்தன. ராத்திரி ஹெட்லைட் அதையும் குடித்ததும் பொறி வலுவிழந்து இருமல். புது பேட்டரி இரண்டு வாரம் தாங்கியதன் ரகசியமும் இதுதான். அந்தக் கடையில் யாரும் ராத்திரியில் ஓட்டிப் பார்க்கவில்லை.

கனெக்டரை வெட்டி எறிந்து, மஞ்சள் ஒயர்களை நேராகச் சேர்த்து ஈயம் வைத்து, மேலே ஸ்லீவ் போட்டு, ரெகுலேட்டரிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்குத் தடியான ஒரு எர்த் ஒயரும் இழுத்தார். மீட்டரில் 14.1. ஹெட்லைட் போட்டாலும் 13.8. கூலி 150 ரூபாய் கேட்டார். நான் 500 நீட்டினேன், கோபித்துக்கொண்டார். ஒரு பாக்கெட் நேந்திரங்காய் சிப்ஸில் சமாதானம் ஆனது.

பதிவு புதுப்பிக்கப் போனபோது, குனிந்து துடைத்து சேசிஸ் நம்பரைப் படித்து, "நல்லா வெச்சிருக்கீங்க" என்று சொன்ன அதிகாரிக்கும் நன்றி. அது டீச்சர் வீட்டுத் தார்ப்பாய்க்குச் சேர வேண்டிய பாராட்டு.

அத்தை, பிஸ்கட் டின்னில் நெய் மைசூர்பாகு அனுப்பியிருக்கிறேன். டின்னை மட்டும் திருப்பிக் கொடுங்கள், அடுத்த பெல்ட்டுக்கு வேண்டும்.

டீச்சர், அவர் ஓட்டும்போது கேட்ட அதே சத்தமா என்று நீங்கள் ஒரு தடவை கேட்க வேண்டும் என்று சொல்லியிருந்தீர்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். பகலில் வேண்டாம். ஏழு மணிக்கு மேல், விளக்குப் போட்டுக்கொண்டு வருகிறேன்.