முகத்துவாரக் கடற்கரையில் உதவிய ஐயாவுக்கு நன்றி

மட்டக்களப்பு வாவி கடலோடு கலக்கும் முகத்துவாரத்தில், 1913ஆம் ஆண்டில் கட்டப்பட்ட வெளிச்சவீட்டுக்கு அப்பால் விரியும் மணற்பரப்பில், கடந்த ஞாயிறு காலை எங்கள் நாயைச் சங்கிலி கழற்றி ஓடவிட்டிருந்தோம். அப்போது கரைவலை இழுத்துக்கொண்டிருந்த ஐயா ஒருவர், கயிற்றை அருகிலிருந்தவரிடம் கொடுத்துவிட்டு ஓடிவந்து, எங்கள் நாய் கவ்வவிருந்த பேத்தை மீனைத் தடியால் தட்டி அப்புறப்படுத்தினார்.

வலையில் அகப்படும் பேத்தை விலைபோகாததால் மணலிலேயே விடப்படுவதுண்டு. அதன் ஈரலிலும் சினையிலும் அதிகமாக இருக்கும் டெட்ரோடோடொக்சின் என்னும் நஞ்சு, நரம்புகளைச் செயலிழக்கச் செய்து மூச்சையே நிறுத்திவிடக்கூடியது. மீன் வெயிலில் காய்ந்து சருகானாலும் அந்த நஞ்சு அழிவதில்லை, அதற்கு முறிமருந்தும் கிடையாது. இதையறிந்தவர்களுக்கு அவர் செய்த உதவியின் அளவு புரியும்.

அத்துடன் நில்லாமல், வலை ஏறிய இடங்களைத் தவிர்த்து நாயை எந்தப் பக்கம் ஓடவிடலாம் என்பதையும், கழிமுக நீரோட்டத்தில் அதை இறக்கக்கூடாது என்பதையும் மிகப் பொறுமையாக விளக்கினார். பெயர் கேட்பதற்குள் வலைக்குத் திரும்பிவிட்டார். ஐயா, எங்கள் குடும்பம் முழுவதும் உங்களுக்கு மனமார நன்றி கூறுகிறது. அவரை அறிந்தவர்கள் இதனை அவரிடம் தெரிவிக்குமாறு அன்புடன் வேண்டுகிறோம்.