கடைசிக் கூடையை எனக்குக் காட்டாத ஆப் நிறுவனத்துக்கு ஒரு புகார்

23-05-2023

பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர்ப்புப் பிரிவு

பொருள்: யூரோலீக் ஃபைனல் ஃபோர் வார இறுதி பாஸ், ரூ. 299 திருப்பிக் கேட்பது

வணக்கம்.

உங்கள் ஆப்பில் உதவிக்குப் போனால் மொழிப் பட்டியலில் தமிழும் இருக்கிறது, அதனால் தமிழிலேயே எழுதுகிறேன். ஞாயிறு இறுதியாட்டத்தின் கடைசி நொடிகளில் உங்கள் ஆப் உறைந்துபோனது பற்றி ஏற்கெனவே இரண்டு முறை சாட்டில் பேசியாகிவிட்டது. இரண்டு முறையும் "ரவுட்டரை ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள்" என்று பதில் வந்தது. ரவுட்டர் நன்றாக இருக்கிறது. அன்றைக்கு மொபைல் டேட்டாவிலும் போட்டுப் பார்த்தேன், அதே வட்டம்தான் சுற்றியது. வேறு ஊரில் இருக்கும் என் தம்பிக்கும் அதே நேரத்தில் அதேதான். ஆகவே அந்தப் பேச்சை இத்தோடு விட்டுவிடுவோம்.

யூரோலீக் என்பது ஐரோப்பிய கிளப்களின் பாஸ்கெட்பால் போட்டி, அதில் கடைசி நாலு அணிகள் மோதுவதுதான் ஃபைனல் ஃபோர். நான் வாங்கியது நாலு ஆட்டத்துக்கான பாஸ். வெள்ளிக்கிழமை இரண்டு அரையிறுதி, ஞாயிறு மூன்றாம் இடத்துக்கான ஆட்டமும் இறுதியும், எல்லாம் லிதுவேனியாவின் கௌனாஸ் நகரில். பாஸ்கெட்பாலை இரண்டாவது மதம் என்று சொல்கிற நாட்டுக்கு ஃபைனல் ஃபோர் போனது இதுதான் முதல் தடவை. அந்த அரங்கத்தின் சத்தத்தைக் கேட்பதற்காகவே காசு கட்டினேன்.

வெள்ளிக்கிழமை உங்கள் மேல் ஒரு குறையும் இல்லை. ஒலிம்பியாகோஸ், மொனாக்கோ ஆட்டத்தில் மூன்றாவது குவார்ட்டர் முழுக்க மொனாக்கோவின் ஸ்கோர் நகரவே இல்லை. ஆப் உறைந்துவிட்டதோ என்று உங்களைத்தான் முதலில் திட்டினேன். அப்புறம் பார்த்தால் நிஜமாகவே அந்த 10 நிமிடத்தில் மொனாக்கோ எடுத்தது 2 பாயிண்ட், ஒலிம்பியாகோஸ் எடுத்தது 27. அந்தத் திட்டை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். இரண்டாவது அரையிறுதியில் ரியால் மாட்ரிட் பார்சிலோனாவை 78-66 என்று வென்றது, அதுவும் தங்குதடையில்லாமல் ஓடியது.

இனி ஞாயிறு. ரியாலும் ஒலிம்பியாகோஸும். வெசென்கோவ் ஒருவரே 29 பாயிண்ட் போட்டு ஒலிம்பியாகோஸைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருக்கிறார், இந்தப் பக்கம் ரியாலின் டவாரெஸ் கூடைக்கு அடியில் மலை மாதிரி நிற்கிறார், நேரம் நள்ளிரவைத் தாண்டிவிட்டது, வீட்டில் எல்லோரும் தூங்கிவிட்டார்கள், நான் மட்டும் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு சோபாவின் நுனியில் உட்கார்ந்திருக்கிறேன். 78-77, ஒலிம்பியாகோஸ் ஒரு பாயிண்ட் முன்னால். பந்து ரியாலிடம். செர்ஹியோ யூல் கையில் பந்தோடு வலப்பக்கம் நகர்கிறார், அவருக்கு எதிரே 2.18 மீட்டர் உயரத்தில் ஒலிம்பியாகோஸின் முஸ்தபா ஃபால்.

அங்கே நின்றது உங்கள் ஆப். யூலின் முகத்துக்கு நேராக அந்த வெள்ளை வட்டம். அது சுற்றிக்கொண்டே இருந்தது. ஒரு நிமிடம் கழித்து என் போனில் 'டிங்' என்றது. பார்த்தால் உங்கள் ஆப்பிலிருந்தே நோட்டிஃபிகேஷன்: "ரியால் மாட்ரிட் சாம்பியன்!" ஆட்டத்தைக் கொண்டுவர முடியாத உங்களால் முடிவை மட்டும் எப்படி ஐயா இவ்வளவு வேகமாகக் கொண்டுவர முடிந்தது?

சரி, மூடிவிட்டுத் திரும்பத் திறந்தேன். இரண்டு விளம்பரம் வந்தது, ஒரு சோப்பு, ஒரு பைக். அவை துளிகூட நிற்காமல், கண்ணைப் பறிக்கிற தெளிவோடு ஓடின. அது முடிந்து ஆட்டம் வந்தபோது வெள்ளைச் சட்டைக்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தார்கள். 79-78.

அந்த நேரத்தில் நடந்தது என்ன என்று மறுநாள் காலை மற்றவர்கள் சொல்லித் தெரிந்துகொண்டேன். யூல் ஃபாலின் தலைக்கு மேலே பந்தை உயரத் தூக்கிப் போட்டிருக்கிறார், கடிகாரத்தில் மிச்சம் 3 வினாடி சொச்சம். அந்த ஆட்டம் முழுவதிலும் 35 வயது யூல் போட்ட ஒரே கூடை அதுதான். பிறகு மறுபக்கம் ஒலிம்பியாகோஸின் ஸ்லூக்காஸ் எறிந்த கடைசி ஷாட் விழவில்லை. இவ்வளவும் நடந்திருக்கிறது, நான் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் பிரதிநிதி சாட்டில் சொன்னது: "சார், ஒளிபரப்பில் 99 சதவீதம் சரியாகத்தான் வந்திருக்கிறது, சில நிமிடம்தான் தடை." கணக்கு சரியாகவே இருக்கட்டும். கல்யாணத்துக்குப் போனவனைத் தாலி கட்டுகிற நேரத்தில் மட்டும் மண்டபத்துக்கு வெளியே நிறுத்திவைத்துவிட்டு, சாப்பாடு முழுசாகப் போட்டோமே என்று சொல்கிற மாதிரி இருக்கிறது அது. அமெரிக்காவில் என்பிஏ இறுதி என்றால் ஏழு ஆட்டம் வரை போகலாம், ஒன்று போனால் அடுத்தது. ஃபைனல் ஃபோரில் அந்தப் பேச்சே இல்லை, ஒரே ஆட்டம். போன வருடம் பெல்கிரேடில் இதே ரியால் துருக்கியின் அனடோலு எஃபெஸ் அணியிடம் 58-57 என்று ஒரு பாயிண்டில்தான் இறுதியைக் கோட்டைவிட்டது. இதே ஒலிம்பியாகோஸை அதே எஃபெஸ் அரையிறுதியில் கடைசி வினாடி மூன்று பாயிண்ட் ஷாட்டில் வெளியேற்றியது. இந்தப் போட்டியைக் காசு வாங்கிக் காட்டுகிறவர்களுக்குக் கடைசி நிமிடத்தில்தான் கூட்டம் குவியும் என்று தெரியாதா? அந்த நேரத்துக்குத் தாங்காத சர்வரை வைத்துக்கொண்டு பாஸ் விற்றது யார் தப்பு?

மறு ஒளிபரப்பில் பார்த்துக்கொள்ளலாமே என்பீர்கள். பார்த்தேன். முழு ஆட்டம் என்று போட்டிருக்கிற வீடியோவிலும் அதே இடத்தில் படம் வெட்டி நேராகக் கொண்டாட்டத்துக்குத் தாவுகிறது. அதாவது உங்களிடமே அந்தக் கூடை இல்லை. நம்பாவிட்டால் இன்று இரவு நீங்களே போட்டுப் பாருங்கள்.

அடுத்த சீசனுக்கு 10 சதவீதத் தள்ளுபடி கூப்பன் அனுப்பியிருக்கிறீர்கள். அது எனக்கு வேண்டாம். கட்டின 299 ரூபாயும் முழுசாக, கட்டின வங்கிக் கணக்குக்கே வர வேண்டும், உங்கள் வாலட்டுக்கு அல்ல. முழு ஆட்டத்தின் வீடியோவைச் சரி செய்யுங்கள், முடியாவிட்டால் 'முழு ஆட்டம்' என்ற பெயரையாவது எடுங்கள். முடிவைச் சொல்லும் நோட்டிஃபிகேஷனை நிறுத்தும் வசதி எங்கே இருக்கிறது என்றும் சொல்லுங்கள், அரை மணி நேரம் தேடியும் எனக்குக் கிடைக்கவில்லை. தானாகப் புதுப்பிக்கும் ஏற்பாட்டை நானே நிறுத்திவிட்டேன், அதை மட்டும் மறுபடி ஆன் செய்து வைக்காதீர்கள்.

15 நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். உறைந்த திரையையும் அதன்மேல் வந்த உங்கள் நோட்டிஃபிகேஷனையும் ஒரே ஸ்கிரீன்ஷாட்டில் பிடித்து வைத்திருக்கிறேன், இத்துடன் இணைத்துள்ளேன். யூல் இன்னும் பந்தை எறியவில்லை, அதற்குள் சாம்பியன் ஆகிவிட்டார்.

இப்படிக்கு,
பணம் கட்டிய சந்தாதாரர்