கொண்டை மடிந்திருக்கும் படமும் வேண்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

பறவைக் கட்டுரைகளோடு வரும் கொண்டலாத்திப் படங்களில் பெரும்பாலும் தலையின் இறகுக் கொண்டை விசிறியாக விரிந்தே இருக்கிறது. உண்மையில் அது அபூர்வமான தோற்றம். இரை தேடும்போதும் பறக்கும்போதும் கொண்டை பின்பக்கம் படிந்து, அலகுக்கு நேரெதிரே ஒரு முனையாக நீட்டிக்கொண்டிருக்கும். தரையிறங்கும் நொடியிலும் மிரளும்போதும் விரிந்து, சட்டென்று மடங்கிவிடும். விரிந்த கொண்டையையே தேடுகிறவர், கண்ணெதிரே மேயும் பறவையைத் தவறவிடுவார். வானம்பாடிகளிலும் இதே சிக்கல். சில இனங்களின் குட்டைக் கொண்டை படிந்துவிட்டால் இருப்பதே தெரியாது; ஆகவே ஒருமுறை பார்த்துவிட்டு ‘கொண்டை இல்லை’ என்று குறித்துவிடக் கூடாது.

இறகின் வேரோடு இணைந்த தோல் தசைகள்தான் கொண்டையை நிமிர்த்துகின்றன, படிய வைக்கின்றன. (சேவலின் கொண்டை இறகல்ல, சதை; உடற்சூட்டை வெளியேற்றுவது அதன் வேலைகளில் ஒன்று.) கொண்டை நிமிர்ந்தால் கோபம் என்று பலரும் எழுதுவது பாதிக்கு மேல் தவறு. கூண்டில் வளரும் காக்கட்டீல் கிளியையே பாருங்கள். கொண்டை செங்குத்தாக நின்றால் ஏதோ சத்தம் கேட்டுத் திடுக்கிட்டிருக்கிறது, அல்லது உன்னிப்பாகக் கவனிக்கிறது. சற்றே பின்சாய்ந்திருந்தால் நிம்மதியாக இருக்கிறது. தலையோடு இறுக ஒட்டி, அலகு திறந்து, சீறலும் சேர்ந்தால்தான் கடிக்கப் போகிறது. கையை எடுத்துவிட வேண்டும். கொண்டையை மட்டும் பார்த்தால் போதாது. அலகு, உடல் இறகு, குரல், அதற்குச் சற்று முன் நடந்தது எல்லாவற்றையும் சேர்த்தே குறிக்க வேண்டும். பார்ப்பவர் நெருங்கியதாலேயே கொண்டை எழுந்திருக்கவும் கூடும். தள்ளி நின்று, பறவை மறுபடி மேயத் தொடங்கிய பிறகு எழுதும் குறிப்புக்கே மதிப்பு.

கொண்டை வெறும் அலங்காரம் என்பதும் சரியல்ல. வட பசிபிக் கடலின் மீசை ஆக்லெட் என்ற கடற்பறவை இருட்டில் பாறை இடுக்குகளுக்குள் நுழைந்து கூட்டுக்குப் போகிறது. அதன் தலை இறகுகளைப் படிய ஒட்டி இருட்டுப் புதிர்வழியில் விட்டபோது, அது வழக்கத்தைவிட அதிகமாகத் தலையை முட்டிக்கொண்டது. மயிலின் கொண்டை எப்போதும் நின்றபடியே இருப்பது. ஆண் மயில் தன் தோகையை நொடிக்கு ஏறத்தாழ 26 முறை அதிரச் செய்கிறது. கொண்டை இறகின் இயல்பான அதிர்வும் கிட்டத்தட்ட அதே அளவுதான் என்று 2018இல் வெளியான ஆய்வு காட்டியது. அந்த அதிர்வைப் பெட்டை தலையாலேயே உணர்கிறதா என்பது இன்னும் ஊகம்தான்.

இனி கொண்டலாத்திக்கு மடிந்த நிலை, விரிந்த நிலை என இரண்டு படங்களை அருகருகே வெளியிடுங்கள். படம் எடுத்தபோது பறவை என்ன செய்துகொண்டிருந்தது என்பதையும் ஒரு வரியில் சேருங்கள். விரிந்த கொண்டை கிடைக்க வேண்டும் என்று கூட்டருகே போய் மிரட்டி எடுத்த படங்களை வாங்காதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்